தூரத்துப் பணியும் நம்பிக்கையும்: தரங்கம்பாடி வரலாறு கற்பிப்பது

சென்னை மாநகரின் மேற்கே உள்ள அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய ஊர்களில் ஆயர் பணி செய்வோர், தம் சபையார் செய்யும் தொழிலின் மாற்றங்களையும் அறிந்திருத்தல் இன்றியமையாதது. 1949-இல் அம்பத்தூரில் மிதிவண்டித் தொழிற்சாலை தோன்றியது. 1960களில் அங்கே தொழிற்பேட்டையும், ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் எழுந்தன. அக்காலத்துத் தொழிலாளி காலையில் சங்கொலி கேட்டு வேலைக்குச் சென்றார். அவரை மேற்பார்வையிட்டவர் அதே கூரையின்கீழ் நின்றார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் கண்டனர். இன்று அதே தொழிற்பேட்டையின் பல மனைகளில் கணினி நிறுவனங்களின் மாடிக் கட்டடங்கள் நிற்கின்றன. நம் சபை வாலிபர் பலர் அங்கோ, தம் வீட்டு அறையிலோ அமர்ந்து, கடல் கடந்த நாடுகளில் உள்ள தலைவர்களின்கீழ் இரவில் பணியாற்றுகின்றனர். ஒரே குழுவின் அங்கத்தினர் நான்கு நாடுகளில் இருப்பதும் உண்டு.

நாம் ஆயராய் இருந்த சபையொன்றில் அத்தகைய வாலிபர் ஒருவர் ஞாயிறு ஆராதனைக்குப்பின் நம்மைத் தனியே சந்தித்தார். தாம் ஒருமுறையும் நேரில் கண்டிராத மேலதிகாரியிடமிருந்து வந்த மின்னஞ்சலைப் பற்றிச் சொன்னார். நான்கே வரிகள் கொண்டது அது. இரண்டாண்டுகள் அவர் செய்த வேலையை அக்கறையற்றது என்று தீர்த்துவிட்டது. “ஐயா, என்ன நடந்தது என்று அவர் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே” என்றார் அவர். அவரோடு ஜெபித்து அனுப்பினோம். ஆயினும் அவர் சொன்ன அந்த வாக்கியம் நம்மை விட்டு நீங்கவில்லை. திருச்சபை வரலாறு கற்பிக்கும் நமக்கு, ஏறத்தாழ 300 ஆண்டுகளுக்கு முன் தரங்கம்பாடிக்கு வந்த வேறொரு கடிதத்தை அது நினைவூட்டிற்று.

ஒருவரையொருவர் காணாமல், பல நாட்டார் ஒரே பணியில் இணைந்து உழைப்பது இக்காலத்தின் கண்டுபிடிப்பு என்று எண்ணுவோர் உண்டு. தமிழகத்துப் புரொட்டஸ்டண்டுத் திருச்சபையோ அத்தகைய குழு ஒன்றினாலேயே தோன்றியது. அக்குழுவில் நம்பிக்கை எவ்வாறு வளர்ந்தது, எவ்வாறு முறிந்தது என்பதை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நான்கு நாட்டார், ஒரு பணி

1706 ஜூலை 9-இல் பர்த்தலோமேயு சீகன்பால்க், ஹென்றி புளூட்சோ என்னும் இருவர் தரங்கம்பாடியில் வந்திறங்கினர். அவர்களை அனுப்பியவர் டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரெடெரிக். அவர்களோ ஜெர்மானியர். அவர்களுக்கு ஆவிக்குரிய ஊக்கமும், பின்வந்த ஊழியரும், ஆதரவாளரின் காணிக்கையும் ஜெர்மனியில் ஹாலே நகரில் பேராசிரியர் பிராங்கே நடத்திய நிறுவனங்களின் வழியாய்க் கிடைத்தன. சில ஆண்டுகளில், 1698-இல் இலண்டனில் தோன்றிய எஸ்.பி.சி.கே. சங்கமும் இவர்களுக்குத் துணைநின்றது. களத்தில் இவர்களோடு உழைத்தோர் தமிழ் ஆசிரியர்களும் உபதேசிமார்களும் ஆவர்.

எனவே ஆணை கோபன்கேகனிலிருந்தும், ஆள் ஹாலேயிலிருந்தும், அச்சுக்கருவி இலண்டனிலிருந்தும் வந்தன. பணியோ காவிரிக் கடைமடையில் நடந்தது. மொழியும் வேறு, சபைமரபும் ஓரளவு வேறு. இவற்றை இணைத்த கயிறு கடிதம் ஒன்றே. மிஷனெரிமாரின் முதற்பயணத்துக்கே ஏறத்தாழ ஏழு மாதங்கள் ஆயின. எழுதிய கேள்விக்கு விடை வந்துசேர ஓராண்டுக்கு மேலும், சில வேளைகளில் இரண்டாண்டுகளும் செல்லும்.

முதல் ஆண்டுகளில் நம்பிக்கை வளர்ந்த விதம்

தொடக்கமே கடினமாயிருந்தது. தரங்கம்பாடிக் கோட்டையின் ஆளுநர் ஹாசியஸ் மிஷனெரிமாரைப் பகைத்தார். கோபன்கேகனிலிருந்த வாணிகக் கம்பெனியின் இயக்குநர்கள், மிஷனுக்கு இடங்கொடுக்க வேண்டாம் என மறைவாய் அறிவுறுத்தியிருந்தனர் என வரலாற்றாசிரியர் எழுதுவர். மன்னர் ‘செல்க’ என்று அனுப்ப, வணிகர் ‘தடுத்து நிறுத்துக’ என்று குறிப்புக் கொடுத்தனர். ஒரே நகரிலிருந்து இரு குரல்கள் புறப்பட்டால் துன்புறுபவர் களத்தில் நிற்பவரே. 1708 நவம்பர் முதல் 1709 மார்ச் வரை நான்கு மாதங்கள் சீகன்பால்க் கோட்டைச் சிறையில் கிடந்தார். 1708-இல் ஐரோப்பாவிலிருந்து வந்த பணமும் கரையேறுமுன் கடலில் மூழ்கியது.

இத்தகைய நிலையில் தூரத்திலிருந்தோர் நம்பிக்கை இழக்காததற்குக் காரணம் யாது? அவர்கள் விரிவாய் எழுதினர் என்பதே நாம் தரும் விடை. தாம் செய்த பணியை மட்டுமன்று, தாம் கண்ட மக்களையும், கற்ற மொழியையும், வாசித்த ஏடுகளையும், பட்ட துன்பத்தையும் எழுதினர். 1712 முதல் 1714 வரையுள்ள காலத்தில், மிஷனெரிமாரின் கேள்விகளுக்குத் தமிழர் பலர் எழுதிய 99 மறுமொழிக் கடிதங்களையும் மொழிபெயர்த்து ஹாலேக்கு அனுப்பினர். அவை அங்கே அச்சேறின. தூரத்திலிருந்தோர் தம் ஊழியரின் குரலை மட்டுமன்றி, அவர்கள் யாருக்கென்று ஊழியம் செய்தனரோ அம்மக்களின் குரலையும் கேட்க இது வழிவகுத்தது.

1709-இல் இலண்டனில் அரண்மனைக் குருவாயிருந்த பேமே என்பவர் தரங்கம்பாடிக் கடிதங்களை ஆங்கிலத்தில் வெளியிட்டார். எப்வர்த் என்னும் சிற்றூர்க் குருமனையில் சூசன்னா வெஸ்லி அம்மையார் அவ்வரலாற்றை வாசித்துத் தம் பிள்ளைகளின் ஆன்மிகக் கல்வியில் புதிய ஊக்கம் கொண்டார் என்பது மாணவர் அறிந்ததே. தரங்கம்பாடியைப் பாராத ஒருவர் உள்ளத்தை அங்கிருந்து சென்ற ஒரு மடல் தொட்டது.

நம்பிக்கை செயலாய் வெளிப்பட்டதற்கு அச்சகத்தின் வரலாறு சான்று. எஸ்.பி.சி.கே. சங்கம் அனுப்பிய அச்சுக்கருவி ஏறிவந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர் பிரேசில் நாட்டின் கரையருகே பிடித்தனர். உடன்வந்த அச்சாளர் வழியிலேயே இறந்தார். 1712-இல் கருவி வந்தது, இயக்குவார் இல்லை. இதற்கு என்ன செய்வது என இலண்டனைக் கேட்டு இரண்டாண்டுகள் காத்திருக்கவில்லை. டேனியப் படையில் அச்சுத்தொழில் அறிந்த சிப்பாய் ஒருவரைக் கண்டுபிடித்து வேலையைத் தொடங்கினர். 1713-இல் ஹாலேயிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் அளவில் பெரியவை, காகிதமோ அரிது. எனவே சிற்றெழுத்துகளை இங்கேயே வார்த்தனர். பொறையாற்றில் காகித ஆலையும் அமைத்தனர். 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சிட்டு முடிந்தது. கருவியை அனுப்பியோர் அதைப் பயன்படுத்தும் முறையைக் களத்தாரின் அறிவுக்கு விட்டுவிட்டனர் என்பதே இங்கு நாம் குறித்துக்கொள்ள வேண்டியது.

மறைக்கப்பட்டவையும் மறுக்கப்பட்டவையும்

ஆயினும் இந்தக் கடிதப் போக்குவரத்தில் இரண்டு குறைகள் இருந்தன.

முதலாவது, 1710 முதல் ஹாலேயில் வெளிவந்த மிஷன் அறிக்கைகள் வந்தபடியே அச்சேறவில்லை. ஆதரவாளர் மனந்தளரலாகாது என்று கருதிய பதிப்பாசிரியர் பலவற்றை நீக்கியும் சுருக்கியும் வெளியிட்டனர். நோக்கம் நல்லதாயிருக்கலாம். ஆனால் வெற்றியை மட்டுமே வாசித்துப் பழகியவர், தோல்வியின் முதற்செய்தியைக் கேட்டவுடன் ‘இதுவரை நம்மை ஏமாற்றினார்களோ’ என ஐயுறுவார். 1709-இல் வந்த போவிங் என்னும் மிஷனெரி உடன் ஊழியரோடு மாறுபட்டு, 1711-இல் திரும்பிச் சென்று குறைகளை எடுத்துரைத்தபோது ஐரோப்பாவில் கலக்கம் உண்டாயிற்று. அதே ஆண்டில் புளூட்சோவும் திரும்பிச் சென்று மிஷனின் நிலையை எடுத்துரைக்க நேர்ந்தது.

இரண்டாவது, களத்தார் அறிந்ததைத் தலைமையிடத்தார் அறிய மறுத்தனர். 1713-இல் சீகன்பால்க் தென்னிந்தியத் தெய்வங்களின் மரபைப் பற்றிய பெருநூல் ஒன்றை எழுதி ஹாலேக்கு அனுப்பினார். அஞ்ஞான மார்க்கத்தை அகற்ற அனுப்பப்பட்டவர் அதன் கதைகளை ஐரோப்பாவில் பரப்புவது தகாது என்னும் எண்ணத்தால் அந்நூல் ஒதுக்கிவைக்கப்பட்டது. 1867-இல்தான், அதுவும் சென்னையில், ஜெர்மான் என்பவரால் அது பதிப்பிக்கப்பட்டது. ஏறத்தாழ 150 ஆண்டுகள்! தாம் யாரிடையே வாழ்கிறாரோ அவர்களை அறியாமல் பணியாற்ற இயலாது எனக் களத்திலிருந்தவர் உணர்ந்தார். தூரத்திலிருந்தோர்க்கு அது வீண்வேலையாய்த் தோன்றிற்று.

செயலாளரின் கடிதம்

1714-இல் மன்னர் கோபன்கேகனில் மிஷன் பணியை மேற்பார்வையிட ஒரு சங்கத்தை நிறுவினார். இதுவரை ஆள்முகமாய் இருந்த உறவு இனி அலுவலகத்தின் உறவாயிற்று. அதே ஆண்டில் சீகன்பால்க் ஐரோப்பாவுக்குப் புறப்பட்டார். மலையப்பன் என்னும் தமிழ் வாலிபரும் உடன் சென்றார். மன்னரையும், ஹாலேயில் பிராங்கேயையும், இலண்டனில் ஆதரவாளரையும் கண்டு, மணமும் புரிந்து, 1716-இல் தரங்கம்பாடிக்குத் திரும்பினார். முகத்தைக் கண்டதால் பல ஐயங்கள் நீங்கின. இனி யாவும் நலமாகும் என்றே நண்பர் எண்ணியிருப்பர்.

ஆனால் அச்சங்கத்தின் செயலாளர் கிறிஸ்தியான் வெண்ட் என்பவர் வேறு கருத்துடையவர். மிஷனெரிகள் ஆலயம், வீடு, பள்ளி எனக் கட்டடங்களில் பொருளையும் காலத்தையும் செலவிடலாகாது. அப்போஸ்தலரைப்போல் எளிமையாய் ஊர் ஊராய்ச் சென்று பிரசங்கிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. இக்கொள்கையை முற்றும் தவறென நாம் தள்ளிவிடோம். நிறுவனங்களின் பாரம் சுவிசேஷப் பணியை அழுத்திய கதையை நம் திருச்சபைகள் பலவும் அறியும். வெண்ட் எழுப்பிய கேள்வி நியாயமான கேள்வியே.

அவர் அதை எழுப்பிய முறைதான் கேடு விளைத்தது. அவர் தரங்கம்பாடியைக் கண்டவரல்லர். டேனிய எல்லையைத் தாண்டித் தஞ்சை அரசுக்குள் செல்வதில் மிஷனெரிமாருக்கு இருந்த தடைகள், பஞ்சகாலத்தில் ஏழைக் கிறிஸ்தவரைக் காக்கும் பொறுப்பு, வெயிலிலும் மழையிலும் மக்கள் கூடுவதற்கு ஓர் இடத்தின் தேவை ஆகியன கோபன்கேகன் மேசையின்மேல் தெரிவன அல்ல. ‘ஏன் இவ்வாறு செய்தீர்கள்?’ என்று கேளாமல் ‘இவ்வாறு செய்தீர்கள்’ என்று தீர்ப்பெழுதினார். செயலை மட்டுமன்றி, ஊழியரின் உள்நோக்கத்தையும் குறைகூறினார். 1718 அக்டோபர் 11-இல் தரங்கம்பாடிச் சபையார் புதிய எருசலேம் ஆலயப் பிரதிஷ்டையைக் கொண்டாடிய அந்தக் காலத்திலேயே, அத்தகைய கட்டடங்களை வீணெனக் கருதும் கடிதங்கள் கடலில் வந்துகொண்டிருந்தன.

நேரில் சொல்லும் கடுஞ்சொல்லை அடுத்த வேளையில் ஒரு மென்சொல்லால் ஆற்றலாம். முகம் வாடுவதைக் கண்டால் சொல்பவரே தம் குரலைத் தாழ்த்துவார். கடிதத்துக்குக் கண் இல்லை. தரங்கம்பாடியில் எழுதும் விளக்கம் கோபன்கேகன் சேர ஆறேழு மாதம் செல்லும். அதற்கு வரும் மறுமொழியைக் காண எழுதியவர் உயிரோடிருப்பார் என்னும் நிச்சயமும் இல்லை. முன்னமே நோயுற்றிருந்த சீகன்பால்க் மனமுறிவுக்கும் உள்ளானார். 1719 பிப்ரவரி 23-இல், தம் 36-ஆம் வயதில், அவர் மறைந்தார். அவருடைய உடன் ஊழியர் க்ருண்ட்லரும் 1720 மார்ச்சில் மறைந்தார். இம்மரணங்களுக்குக் கடிதங்களே காரணம் என்று சொல்வது வரலாற்றாசிரியர்க்கு அழகன்று. ஆனால் அவர்களுடைய கடைசி நாட்களைக் கசப்பாக்கியவை கோட்டைச் சிறையோ, கடலில் மூழ்கிய பணமோ அல்ல, தம்மை அனுப்பிய நாட்டாரின் சந்தேகமே என்பதை மறுப்பதற்கில்லை. ஹாசியஸின் பகையைத் தாங்கியவர் தம் சொந்தச் சங்கத்தின் அவநம்பிக்கையைத் தாங்குதல் அரிதாயிற்று.

கணக்குக் கேளாத நம்பிக்கை

இதனால், தூரத்திலிருப்போர் எதையும் கேளாதிருத்தலே நலம் எனக் கொள்ளலாகாது. மறுபக்கத்துக்கும் ஒரு சான்று உண்டு. சென்னை வேப்பேரியில் எஸ்.பி.சி.கே. சங்கத்தின் ஆதரவில் 1742 முதல் ஏறத்தாழ 46 ஆண்டுகள் ஊழியம் செய்த பப்ரிசியுஸ் ஐயரைத் தமிழ்க் கிறிஸ்தவர் மறவார். வேதமொழிபெயர்ப்பிலும், ஞானப்பாட்டுகளிலும், 1779-இல் வெளிவந்த அகராதியிலும் அவருடைய உழைப்பு நிலைத்திருக்கிறது. அத்தகையவரே தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பணத்தைக் கடனாய்க் கொடுத்து, அது திரும்பி வாராமையால் கடன்பட்டு, முதிர்வயதில் சிறைவாசமும் அனுபவித்தார். அவருடைய தூய்மையில் எவரும் ஐயுற்றதில்லை. அதுவே ஆபத்தாயிற்று போலும். நல்லவரை நம்புதல் ஒன்று; நல்லவரைத் தனியே விட்டுவிடுதல் வேறொன்று. ஒழுங்காய்க் கணக்குக் கேட்பது அவமதிப்பன்று. அது உடன்நிற்றலின் ஒரு வகை. வெண்ட் கேளாமல் தீர்ப்பளித்தார். பப்ரிசியுஸ் ஐயரையோ உரிய காலத்தில் கேட்டு நிறுத்துவார் இல்லை. இவ்விரண்டுக்கும் இடையில் உள்ளதே தலைமையின் நெறி.

நம்பிக்கை கைமாறிய நாள்

ஐரோப்பாவிலிருந்தோர் தம்மை நம்பவில்லை என வருந்திய மிஷனெரிமார், தம்மோடிருந்த தமிழரை எந்த அளவுக்கு நம்பினர்? இக்கேள்வியையும் நாம் விலக்கலாகாது. உபதேசிமார் மிஷனெரி செல்ல முடியாத தஞ்சை நாட்டுக் கிராமங்களுக்குச் சென்றனர், சபைகளைச் சேர்த்தனர், துன்பமும் பட்டனர். ஆயினும் முதல் தமிழ்க் குரு அபிஷேகம் பெற 27 ஆண்டுகள் சென்றன. 1718-இல் ஞானஸ்நானம் பெற்றுப் பள்ளியாசிரியராகவும் உபதேசியாராகவும் உழைத்த ஆரோன் என்பவர், கோபன்கேகனின் இசைவோடு, 1733 டிசம்பர் 28-இல் தரங்கம்பாடியில் குருவாய் அபிஷேகம் பெற்றார். மாயவரம் பகுதிச் சபைகள் அவரிடம் ஒப்படைக்கப்பட்டன. 1745-இல் இறக்கும்வரை அவர் அப்பணியில் நிலைத்து நின்றார். 1741-இல் தியோகு என்பவரும் குருவானார். எனினும் அந்நூற்றாண்டு முழுவதிலும் குருப்பட்டம் பெற்ற தமிழர் மிகச் சிலரே.

ஆரோனின் அபிஷேகத்தை வெறும் சடங்காய்க் காண்பது போதாது. சாக்கிரமெந்துகளை வழங்கும் அதிகாரம், மிஷனெரியின் கண்ணுக்கு எட்டாத கிராமத்தில், ஒரு தமிழர் கையில் வைக்கப்பட்டது. தூரத்திலிருப்பவரை நம்புதல் என்பது நல்லெண்ணத்தோடு முடிவதன்று. அதிகாரத்தைக் கைவிட்டுக் கொடுக்கும்போதே அது நிறைவேறுகிறது. கோபன்கேகன் தரங்கம்பாடியை நம்ப வேண்டியதுபோலவே, தரங்கம்பாடி மாயவரத்தை நம்ப வேண்டியதாயிற்று.

நமக்குள்ள கடமை

இவ்வரலாற்றிலிருந்து போதகரும் இறையியல் மாணவரும் கொள்ள வேண்டியவை சில உண்டு.

அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூவிருந்தவல்லியிலும் நம்மிடம் வரும் வாலிபரின் துயரைச் சிறிதெனக் கருதலாகாது. கடிதம் செல்ல ஏழு மாதமான காலம் போய், ஏழு நொடியும் ஆகாத காலம் வந்துள்ளது. ஆயினும் விரைவு நம்பிக்கையை உண்டாக்கிவிடவில்லை. அவநம்பிக்கையும் அதே விரைவில் செல்கிறது. தூரத்து மேலதிகாரியின் நான்கு வரிகளால் நொந்தவரிடம், ‘வேலை என்றால் அப்படித்தான்’ என்று சொல்லி அனுப்புவது ஆயர்பணியன்று. அவ்வாறே, நம் சபையாரில் சிலர் இன்று பிற நாட்டாருக்குத் தலைவராகவும் இருக்கின்றனர். அவர்கள் எழுதும் நான்கு வரிகள் வேறோர் ஊரில், வேறொரு வீட்டில், ஒருவர் உறக்கத்தைக் கெடுக்கக்கூடும் என்பதை அவர்களுக்குப் போதிப்பதும் நம் கடமையே. தீர்ப்பதற்குமுன் கேட்க வேண்டும். குறையை எழுதினால் செயலைப்பற்றி எழுத வேண்டும், உள்ளத்தைப்பற்றி அன்று. கீழுள்ளவர் தோல்வியை அஞ்சாமல் எழுதக்கூடிய நிலையை உண்டாக்க வேண்டும். களத்தில் நிற்பவரிடம் தீர்மானிக்கும் உரிமையை விட்டு, கணக்கை மட்டும் ஒழுங்காய்க் கேட்க வேண்டும்.

இவற்றை நம் திருச்சபை அலுவலகங்களுக்கும் சொல்லாமல் முடித்தல் நேர்மையாகாது. தலைமை அலுவலகத்திலிருந்து சிற்றூர் ஊழியருக்குச் செல்லும் சுற்றறிக்கைகளில் வெண்ட்டின் குரல் ஒலிப்பதில்லையா? ஊழியர் அனுப்பும் ஆண்டறிக்கைகளில் ஹாலேப் பதிப்பாசிரியரின் கத்தரிக்கோல் வேலைசெய்வதில்லையா? தூரம் கடலால் மட்டும் உண்டாவதன்று. இருபது மைலிலும் அது உண்டாகும். நாமும் சில குழுக்களில் அமர்ந்து, கண்டிராத சேகரங்களைப் பற்றித் தீர்மானம் எழுதியவரே. எனவே இதைப் பிறருக்கு மட்டும் எழுதவில்லை.

பவுல் அப்போஸ்தலர் தாம் அதுவரை சென்றிராத ரோமாபுரிச் சபைக்கு நிருபம் எழுதினார். இறையியல் மாணவர் அதன் முதற்பகுதிகளை ஆழ்ந்து கற்பர். கடைசி அதிகாரத்தை விரைந்து கடப்பர். அதில் இருப்பவை பெரும்பாலும் பெயர்கள். பல பெயர்களோடு அவரவர் பட்ட பாட்டைப் பற்றிய ஒரு சொல். காணாத சபைக்கு எழுதியவர், அங்கிருந்த ஆட்களைப் பெயர்சொல்லி அறிந்திருந்தார்.

நம்மிடம் வந்த அவ்வாலிபர் இப்பொழுது ஒரு சிறு குழுவுக்குத் தலைவராயிருக்கிறார். அவர்கீழ் உழைப்போர் மூன்று நாடுகளில் உள்ளனர். ஒருவர் வேலை தவறும்போது, எழுதுவதற்குமுன் அவரைத் தொலைபேசியில் அழைத்து, வீட்டில் யாவரும் நலமா என்று முதலில் கேட்பதாய் நம்மிடம் சொன்னார். கோபன்கேகன் அலுவலகத்தில் அந்த ஒரு கேள்வி மட்டும் எழுதப்பட்டிருக்குமானால், தரங்கம்பாடியின் கடைசி நாட்கள் சற்று வேறுவகையாய் இருந்திருக்கும்.